பழைய ஆபீஸின் புது விதியை எதிர்த்தேன். இன்டர்வியூவில் அதை எப்படிச் சொல்வது?

சென்னைப் புறநகரில் இருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸ் கிளெய்முக்கு உரிய கோடுகளைப் போடும் வேலை. கோடராகச் சேர்ந்தவர், கடைசி நான்கு ஆண்டுகள் 18 பேருக்கு டீம் லீட். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தது. கடந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எச்.ஆர். மெயில் வருகிறது: அடுத்த மாதம் முதல் ஐந்து நாளும் ஆபீஸ், அதோடு கோடிங் டீம்களுக்கு மாதத்தில் ஒரு வாரம் மதியம் 2 முதல் இரவு 11 வரை ஷிப்ட். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அன்றிரவே ‘ரிப்ளை ஆல்’ போட்டு, “இத்தனை வருஷம் உழைத்தவர்களை நம்பவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்” என்று எழுதிவிட்டார். நாற்பது பேருக்கு மேல் அந்த மெயிலைப் பார்த்தார்கள். அதன்பின் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்ரைசலில் ரேட்டிங் இறங்கியது. மார்ச்சில் ராஜினாமா கொடுத்து, இரண்டு மாத நோட்டீஸ் முடித்து மே மாதம் வெளியே வந்தார்.

இதுவரை மூன்று இன்டர்வியூ. மூன்றிலும் ஒரே கேள்வி: “நிர்வாகம் கொண்டுவந்த ஒரு மாற்றத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போன சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்.” முதல் இடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார், போனைத் திறந்து அந்த எச்.ஆர். மெயிலையே வாசித்தும் காட்டினார். இரண்டாம் இடத்தில், தோழி சொன்னபடி “குடும்பக் காரணம்” என்றார், உடனே “குழந்தையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார்கள். மூன்றாம் இடத்தில் “அப்படி எதுவும் நடந்ததில்லை, நிர்வாகம் சொல்வதைச் செய்வேன்” என்றார். எதிரே இருந்த அம்மா சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாராம். மூன்று இடத்திலிருந்தும் அழைப்பு இல்லை.

அவர் கேட்பவை: உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? நிறுவனம் செய்தது சட்டப்படி தவறுதானே, அதைச் சொல்லலாமா? வெரிஃபிகேஷனில் பழைய நிறுவனம் என்னைப் போட்டுக்கொடுத்துவிடுமா? செட்டில்மென்ட் பணம் இன்னும் வரவில்லை, கேட்டால் பகைத்துக்கொண்டது ஆகிவிடுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு உங்களிடம் மிக நல்ல பதில் ஒன்று இருக்கிறது. நான்காம் பக்கத்தில், “2023இல் ஆடிட் விஷயத்திலும் இப்படித்தான் வாயைக் கொடுத்தேன்” என்று நான்கே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கேள்வியைப் பற்றி நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

அந்தக் கேள்வி எதற்கு?

அடங்காதவர்களை வடிகட்டத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டீம் லீட் வேலைக்கு அப்படி இல்லை. லீட் என்பவர் இரண்டு பக்கமும் பேச வேண்டியவர். கீழே இருக்கும் 18 பேரின் சிரமத்தை மேலே சொல்ல வேண்டும். மேலே முடிவானதைக் கீழே இறக்கி நடத்திக் காட்டவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர் அந்த நாற்காலிக்குச் சரிப்பட மாட்டார். எனவே கேட்பவர் மூன்று விஷயங்களைத்தான் தேடுகிறார். முடிவு வருவதற்கு முன் அல்லது வந்தவுடன் நீங்கள் யாரிடம், எப்படிச் சொன்னீர்கள்? கையில் என்ன ஆதாரம் இருந்தது? உங்கள் கருத்து எடுபடாமல் போனபின் எப்படி நடந்துகொண்டீர்கள்? யார் சொன்னது சரி என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை.

அமெரிக்கக் கம்பெனிகளோடு தொடர்புள்ள இடங்களில் ‘டிஸக்ரீ அண்ட் கமிட்’ என்று ஒரு சொற்றொடர் அடிக்கடி காதில் விழும்; உடன்பாடு இல்லை என்று சொல்லிவிட்டு, முடிவானபின் முழுதாக ஒத்துழைப்பது என்று அர்த்தம். அமேசானின் தலைமைப் பண்புகளில் ஒன்றாகவே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய 2016ஆம் ஆண்டுக் கடிதத்திலும் அது வருகிறது: அமேசான் ஸ்டுடியோஸ் எடுக்க விரும்பிய ஒரு தயாரிப்பில் தனக்கு உடன்பாடு இல்லை என்று குழுவிடம் நேராகச் சொல்லிவிட்டு, அவர்கள் உறுதியாக இருந்ததால் முழு மனதோடு சம்மதித்ததாக எழுதியிருக்கிறார். முதலாளிக்கு அப்படிச் சொல்வது சுலபம், நமக்கு அப்படியா என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆனாலும் உங்களை இன்டர்வியூ செய்பவர் கையில் இருக்கும் மதிப்பெண் தாளில் இந்தச் சிந்தனைதான் ஒரு கட்டமாக இருக்கும்.

மூன்றாவது இன்டர்வியூவில் அந்த அம்மா ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்திருக்கும். 11 ஆண்டுகளில் ஒரு மாற்றத்தோடும் முரண்பட்டதே இல்லை என்று ஒரு டீம் லீட் சொன்னால், ஒன்று அவர் வேலையைக் கவனிக்கவில்லை, இல்லை இப்போது உண்மை பேசவில்லை. இரண்டுமே நல்ல மார்க் வாங்காது.

முதல் இன்டர்வியூவில் வேறு சிக்கல். நீங்கள் உண்மை பேசியதால் வாய்ப்பு போனது என்று நினைக்கிறீர்கள். நான் அந்த அறையில் இருந்திருந்தால், நீங்கள் போனைத் திறந்த நிமிடத்தில் முடிவெடுத்திருப்பேன். அந்த மெயிலில் என்ன இருந்தது என்பதைக் காதில்கூட வாங்கியிருக்க மாட்டேன். நாளைக்கு எங்கள் மெயிலையும் இன்னொரு ஆபீஸில் உட்கார்ந்து இப்படித்தானே வாசிப்பார் என்ற யோசனைதான் ஓடும். வேலையில் சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்டபிறகும் பெரும்பாலும் நீடிக்கும். நிறுவனத்தின் உள் மெயில்கள், கிளையன்ட் மருத்துவமனையின் பெயர், சார்ட்டில் (நோயாளிக் குறிப்பில்) பார்த்த விவரம் எதுவும் இன்டர்வியூ அறைக்குள் வரக் கூடாது. உங்கள் துறையில் இது இன்னும் கூடுதல் கண்டிப்பு. நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் கிளையன்ட் உங்களிடம் அந்தச் சார்ட்டையே கொடுக்கிறார். அந்த மெயிலை இன்னும் சொந்தப் போனில் வைத்திருக்கிறீர்கள் என்றால், எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மற்றபடி யாருக்கும் காட்டாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தானா?

“என் சம்மதம் இல்லாமல் வேலை நிபந்தனையை மாற்றவே முடியாது, இது சட்டவிரோதம்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது, முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் தொழிலுறவுத் தொகுப்பின் 40ஆம் பிரிவு, வேலை நேரம், ஷிப்ட் முறை, வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்துவது போன்ற சில விஷயங்களில் மாற்றம் செய்ய 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலும் 9ஏ என்ற பிரிவில் இதே 21 நாள் உண்டு. கவனியுங்கள், சட்டம் கேட்பது முன்னறிவிப்பு. ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை.

அடுத்தது, இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதற்குள் வர மாட்டார்கள். டீம் லீட் என்ற பெயரை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய மாட்டார்கள். நாள் முழுக்க நீங்கள் உண்மையில் செய்த வேலை எது என்று பார்ப்பார்கள். நீங்கள் லீவு அனுமதித்தீர்கள், அப்ரைசல் எழுதினீர்கள், ஷிப்ட் பிரித்துக் கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் நீங்கள் வரையறைக்கு வெளியே போகவே வாய்ப்பு அதிகம். உங்கள் டீமில் இருந்த கோடர்களின் நிலை வேறு.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் அப்படித்தான். பல நிறுவனங்களின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘வேலை இடத்தையும் நேரத்தையும் நிறுவனம் தேவைக்கேற்ப மாற்றலாம்’ என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். குழந்தை பெற்றவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதே என்கிறீர்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்த பிரிவைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மகப்பேறு விடுப்பு முடிந்த காலத்துக்கானது. வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனையில் நிறுவனம் அனுமதிக்கலாம் என்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதுதான் கட்டாயம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த நிறுவனத்தில் கேளுங்கள்.

உங்கள் பக்கம் வலுவான இடம் ஒன்று உண்டு. இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதம் வேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 43ஆம் பிரிவு சொல்கிறது. இரவு 11 வரை ஷிப்ட் போட்டவர்கள் உங்களிடமும் டீமில் இருந்த பெண்களிடமும் சம்மதம் வாங்கினார்களா? வாங்கவில்லை என்றால் அது நியாயமான புகார். அன்றைக்கு நீங்கள் எச்.ஆருக்குத் தனி மெயிலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். ‘எங்களை நம்பவில்லை’ என்ற வரிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ‘இரவு 7க்கு மேலான நேரத்துக்குப் பெண்களின் சம்மதத்தை எப்படி வாங்கப்போகிறீர்கள், கேப் எத்தனை மணிக்கு, கடைசி ஸ்டாப்பில் இறங்குபவர் பெண் என்றால் கூட யார் வருவார்?’ என்று கேட்டிருந்தால் யாராவது பதில் எழுதியே தீர வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் இன்டர்வியூவில் வாதாடாதீர்கள். எதிரே இருப்பவர்களுக்கு அந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. பழைய நிறுவனம் சட்டத்தை மீறியது என்று அங்கே நீங்கள் சொல்லும் வரி, அடுத்து எங்கள்மேலும் கேஸ் போடுவார் என்ற பயத்தைத்தான் கிளப்பும்.

நான்காம் பக்கத்தில் இருக்கும் பதில்

சரி, இப்போது 2023க்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்து நான் புரிந்துகொண்டது: மூன்று மாதம் தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் துல்லியம் காட்டும் கோடர்களின் சார்ட்டுகளுக்கு இரண்டாம் கட்ட ஆடிட் வேண்டாம், நேரம் மிச்சமாகும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நோயைக் குறிக்கும் ஐ.சி.டி. கோடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்றும், சிகிச்சையைக் குறிக்கும் சி.பி.டி. கோடுகள் ஜனவரி 1 அன்றும் மாறுகின்றன. அந்த வாரங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் பழைய கோடைப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னீர்கள். வெறும் வாயால் சொல்லவில்லை. அக்டோபர் முதல் இரண்டு வாரச் சார்ட்டுகளில் மாதிரி எடுத்து, சீனியர்களின் பிழைகளை எண்ணிக் காட்டினீர்கள். நிர்வாகம் பாதி வழி வந்தது: மற்ற மாதங்களில் ஆடிட் கிடையாது, அக்டோபரிலும் ஜனவரியிலும் உண்டு. ஆண்டு முழுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கோரிக்கை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு டீமில் நடத்தினீர்கள்.

இதை வைத்துக்கொண்டு எப்படி ஒருவர் மூன்று இன்டர்வியூவில் தோற்றார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்!

ஷிப்ட் விவகாரத்தில் பாதிக்கப்பட்டது உங்கள் வீடு; ஆடிட் விவகாரத்தில் பாதிக்கப்பட இருந்தது வேலையின் தரம். இரண்டும் நியாயமே. ஆனால் கேட்பவருக்கு முதலாவது ஒரு மனக்குறையாகத்தான் காதில் விழும், இரண்டாவதில் உங்கள் திறமை தெரியும். ஆகவே கேள்வி வந்தவுடன் 2023ஐச் சொல்லுங்கள். இது மறைப்பது ஆகாது. ‘ஒரு சந்தர்ப்பம்’ என்றுதான் கேட்கிறார்கள், எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறீர்கள். மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே விஷயத்தைத் தமிழில் தருகிறேன்:

“2023இல் எங்கள் நிறுவனம் சீனியர் கோடர்களுக்கு இரண்டாம் கட்ட ஆடிட்டை எடுக்க முடிவு செய்தது. வேகம் கூடும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் புதுக் கோடுகள் வரும் மாதங்களில் பிழை கூடும், அதனால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றியது. மேனேஜரிடம் தனியாக நேரம் கேட்டுச் சொன்னேன். ஆதாரம் கேட்டார். என் டீமின் இரண்டு வார வேலையில் மாதிரி எடுத்துப் பிழைகளைப் பிரித்துக் காட்டினேன். ஆண்டு முழுக்க ஆடிட் வேண்டும் என்று கேட்டேன்; அக்டோபர், ஜனவரி இரண்டுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். முடிவான பிறகு டீமைக் கூப்பிட்டு, இதுதான் முறை, காரணம் இது என்று விளக்கி நடத்தினேன். மற்ற மாதங்களில் நான் பயந்த அளவுக்குப் பிழை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.”

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிழை வந்திருந்தால் வந்தது என்றே சொல்லி, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். மொத்தம் ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லும் வரிசைதான். ஆனால் அதில் பெரும்பாலோர் சூழலிலேயே ஒரு நிமிடத்தைத் தின்றுவிடுகிறார்கள். உங்கள் பதிலில் பாதி நேரம் ‘செய்தது’ என்ற இடத்தில் போகட்டும்.

மேனேஜர் என்ன காரணத்துக்காக அதைக் கொண்டுவந்தார் என்பதை முதலிலேயே நியாயமாகச் சொல்வதைத் தவறவிடாதீர்கள். எதிர்த்தரப்பின் காரணத்தைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரை எந்த பேனலும் ‘சண்டைக்காரி’ என்று நினைக்காது.

அடுத்த கேள்விகளுக்குத்தான் தயாராக வேண்டும்

முதல் பதிலை எல்லோரும் தயார் செய்துகொண்டு வருவார்கள் என்பது பேனலுக்குத் தெரியும். எனவே உடனே அடுத்ததை எடுப்பார்கள்.

“அவர்கள் ஒத்துக்கொள்ளாமலே போயிருந்தால்?” இதற்கு, ‘என் கருத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, சொன்ன தேதியிலிருந்து நடைமுறைப்படுத்தியிருப்பேன், ஒரு மாதம் கழித்து எண்ணிக்கையோடு மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருப்பேன்’ என்பது போதும்.

“டீமில் உங்களைவிடக் கோபமாக இருந்தவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?” இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். ‘மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன்’ என்றால் கதை முடிந்தது. டீமின் முன்னால் நிர்வாகத்தைக் கைகழுவிவிடும் லீட் யாருக்கும் வேண்டாம். அவர்கள் பேசியதை முழுக்கக் கேட்டேன், அதில் பதில் சொல்ல முடிந்ததற்குச் சொன்னேன், முடியாததை எழுதி மேலே அனுப்பினேன், எப்போது பதில் வரும் என்று தேதி சொன்னேன் என்ற மாதிரி நீங்கள் உண்மையில் செய்ததைச் சொல்லுங்கள்.

“எங்கள் நிறுவனத்தில் நாளைக்கே விதி மாறினால்?” எதற்கும் தயார் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இரவு 11 வரை ஷிப்ட் உங்களுக்கு ஒத்துவராது என்பதுதானே உண்மை? அதைச் சொல்லாமல் சேர்ந்தால் ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம் எனக்கு எழுதுவீர்கள்.

“முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?” இது தவிர்க்க முடியாதது. மூன்று வாக்கியத்தில் முடியுங்கள்: ‘பிப்ரவரியில் எங்கள் வேலை நேரமும் முறையும் மாறின. புது முறையில் வேலை செய்து பார்த்தேன், மாலை ஷிப்ட் எனக்கு நீண்ட காலத்துக்கு ஒத்துவராது என்று தெரிந்தது. முறையாக நோட்டீஸ் கொடுத்து, டீமை ஒப்படைத்துவிட்டு விலகினேன்.’ பொய் ஒன்றும் இல்லை, புலம்பலும் இல்லை. ‘குடும்பக் காரணம்’ என்ற வார்த்தையைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு பெண் அதைச் சொன்ன நொடியில் குழந்தை, மாமியார், அடுத்த பிரசவம் என்று கேட்கும் கதவை நாமே திறந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. ஆண் சொன்னால் அந்தக் கதவு திறப்பதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான். ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ஒரு அறைக்குள் கேட்ட கேள்வியை வைத்து அதை நிரூபிப்பது சுலபம் இல்லை. மறுபடி கேட்டால், “நீங்கள் சொன்ன ஷிப்ட் நேரத்துக்கு வர எனக்கு ஏற்பாடு இருக்கிறது” என்று ஒரே வரி. ஏற்பாட்டின் விவரத்தை விளக்காதீர்கள்.

அந்த ரிப்ளை ஆல் மெயில் பற்றி நேரடியாகவே கேட்டால்? ஓ.எம்.ஆர். சின்ன உலகம், பேனலில் உங்கள் பழைய சக ஊழியர் ஒருவர் இருந்துவிடலாம். மழுப்பாதீர்கள். ‘ஆமாம், எழுதினேன். கேள்வி நியாயமானது, கேட்ட இடம் சரியில்லை. தனியாக எச்.ஆரிடம் கேட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லி நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கு

இவ்வளவு நேரம் சொன்னது ஷிப்ட், ஆடிட், ஆபீஸ் நாள் போன்ற விஷயங்களுக்கு. முடிவு நேர்மை சம்பந்தப்பட்டது என்றால் ‘ஒத்துக்கொண்டு நடத்தினேன்’ என்ற பதில் எடுபடாது. குறிப்பில் இல்லாத தீவிரத்தைக் காட்டிக் கூடுதல் பணத்துக்குக் கோடு போடச் சொன்னால், உங்கள் துறையில் அதற்கு அப்கோடிங் என்று பெயர். மெடிகேர் போன்ற அரசுத் திட்டங்களின் பணம் என்றால் அமெரிக்கப் பொய்க் கிளெய்ம் சட்டத்தில் மாட்டும் விஷயம். “அப்படிச் செய்யச் சொன்னால்?” என்று பேனல் சோதித்துப் பார்க்கலாம். ‘செய்ய மாட்டேன், விதிமீறலைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு எழுதுவேன்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். அங்கே பணிந்துபோகிற பதில்தான் ஆபத்து.

வெரிஃபிகேஷனும் வர வேண்டிய பணமும்

பழைய நிறுவனம் என்ன சொல்லும் என்று தூக்கம் கெட வேண்டாம். வெரிஃபிகேஷன் ஏஜென்சி அனுப்பும் படிவத்தில் பொதுவாகக் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, சம்பளம், விலகிய காரணம், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பவைதான். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்திருக்கிறீர்கள், ரிலீவிங் லெட்டரும் கையில் இருக்கிறது. ஒரு கோபமான மெயிலை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பி.எஃப். கணக்கில் தேதிகள் அப்படியே தெரியும் என்பதால் இடைவெளியைக் குறைத்துக் காட்ட மட்டும் நினைக்காதீர்கள். மேனேஜர் பெயரைப் பரிந்துரையாளராகக் கொடுக்கத் தேவையில்லை. ஆடிட் விவகாரத்தில் உங்களோடு வேலை பார்த்த க்யூ.ஏ. (தரச் சோதனை) லீட் யாராவது இருந்தால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பணத்துக்கு வருவோம். ராஜினாமா செய்தவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. 45 நாளில் தருவதுதான் எங்கள் கம்பெனி வழக்கம் என்று எச்.ஆர். சொன்னால், அது வழக்கமாக இருக்கலாம், சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. 11 ஆண்டு வேலை பார்த்ததால் பணிக்கொடையும் உண்டு: கடைசி மாதச் சம்பளத்தில் கணக்கில் வரும் பகுதியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை 11ஆல் பெருக்குங்கள். 30 நாளுக்குள் வர வேண்டிய தொகை அது. கேட்பது பகை ஆகாது. ஒவ்வொரு மாதமும் யாராவது இதை எச்.ஆரிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். தேதிகளை மட்டும் குறிப்பிட்டு இரண்டு வரி மெயில் போடுங்கள். ஷிப்ட் கதையை அதில் இழுக்காதீர்கள். பத்து நாளில் பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

அடுத்த வாரம் சோழிங்கநல்லூரில் ஒரு இன்டர்வியூ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஏதாவது கேள்வி உண்டா என்று கடைசியில் கேட்பார்கள். “இந்த டீமின் ஷிப்ட் நேரம் என்ன, ஆபீஸ் நாட்கள் எத்தனை, கடைசியாக எப்போது மாறியது, மாறும்போது லீட்களிடம் எப்படிச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். சம்பளப் பேச்சு முடிந்து ஆஃபர் லெட்டர் வந்தபின் ஷிப்ட் நேரமும் வேலை இடமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தேவைக்கேற்ப மாற்றலாம்’ என்ற வரி அதிலும் இருக்கும், அதை அவர்கள் எடுக்க மாட்டார்கள். ஆனால் இரவு 7க்கு மேலான ஷிப்டுக்கு என் சம்மதம் தனியாகக் கேட்கப்படும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று எச்.ஆருக்கு மெயில் அனுப்பலாம். போனில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்று சொன்னால், “இன்று நீங்கள் போனில் சொன்னபடி” என்று தொடங்கி அதையே அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.